விலைச்சீட்டு உரிக்காத கதிரை

என் வீட்டு விறாந்தையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை இருக்கிறது. அதன் முதுகில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் உரிக்கப்படவில்லை. அதை மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் வாங்கியது ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை மழை விட்ட பிறகு. அன்றாட மழை வெயிலை டயரியில் குறித்து வைப்பவள் நான். இதற்கு மட்டும் டயரியைப் புரட்டத் தேவையில்லை. ஒரு பையைத் தவிர வேறு சொத்தில்லாத ஒருவர், அறுபது வயதுக்கு மேல் தனக்கென்று வாங்கிய ஒரே தளபாடம் அது.

அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரர். படிப்பித்தலை விட்ட பின் வீடென்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல், ஊர் ஊராகத் தங்கி நாவல் எழுதினார். நான் நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் பழைய பத்திரிகைகள் தேடி வந்தார், அப்படிப் பழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை வந்து நாலு நாள் என் வீட்டில் தங்குவார். கணவர் இறந்து, மகளும் வெளிநாடு போன பிறகு, அந்த நாலு நாளுக்காக மற்ற நாட்களைக் கழிக்கத் தொடங்கியிருந்தேன். ஆகவே, "இந்த நாவலுக்கு விதைப்பையும் அறுப்பையும் ஒரே இடத்தில இருந்து பாக்கவேணும், பிள்ளை. நான் எந்த ஊரிலயும் ஒரு போகம் முழுக்க நிண்டதில்லை" என்று அவர் சொன்னபோது, லக்கலப் பக்கம் பல்லேகமவில், யானை வந்து போகும் வயலைப் பார்த்த அறையொன்றை நானே தேடிக் கொடுத்தேன். மலை ஏறி இறங்க வேண்டும், பஸ்ஸும் குறைவு. ஆனாலும் ஒரே மாவட்டம் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

கதிரையோடு பஸ் ஏறியபோது கொண்டக்டர் சும்மா விடவில்லை. "டீச்சர், கதிரை யாருக்கு? யானை வந்தா உட்கார வைக்கவா?" பஸ்ஸே சிரித்தது. "வந்தால் அதுக்கு, வராட்டி எனக்கு. டிக்கெட் ஒண்டுதான் எடுப்பன்" என்றார் டீச்சர்.

மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கார்த்திகையில் கதிரை ஜன்னலோரம் வயலைப் பார்த்தபடி இருந்தது. மார்கழியில் அதன்மேல் துவைத்த துணி காய்ந்தது. எழுத்து எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போகுது" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் மாத்தளை பஸ் நிலையத்தில் அந்தக் கொண்டக்டரைக் கண்டு, டீச்சர் சுகமா என்று விசாரித்தேன். "என்ன அக்கா, என்னைக் கேக்குறீங்க? அந்தா, நம்ம பஸ்லதானே இருக்காங்க. கதிரைய வீட்டுல வச்சிட்டு இங்கதான் குடியிருக்காங்க. காலையில வருவாங்க, வழியெல்லாம் எழுதுவாங்க. இறங்கி ஒரு பிளேன்டீ குடிப்பாங்க, அதே பஸ்ல திரும்பிடுவாங்க. போன மாசம் முழுக்க இதுதான்." பஸ் நிலையத்திலிருந்து என் வீடு நடந்து போகிற தூரம்.

ஏறிப் பார்த்தேன். ஜன்னலோரம், மடியில் கொப்பி. என்னைக் கண்டதும் பேனையை மூடினார். "அந்தக் கதிரையில இருந்து பாத்தன், பிள்ளை. ஒரு வரி வருகுதில்லை. பஸ் வெளிக்கிட்டால் வருகுது."

"இவ்வளவு தூரம் வந்துட்டு, ஒரு நாள் வீட்டுக்கு வந்திருக்கலாமே டீச்சர்?"

"உம்மைக் கண்டால் கதைப்பன். கதைச்சால் அண்டைக்கு எழுத்து அவ்வளவுதான்."

குரலில் கோபமோ கூச்சமோ இல்லை. இன்றைக்கு மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். கோபித்துக்கொள்ளவும் எனக்கு இடமில்லாமல் போயிற்று.

அடுத்த புதன்கிழமை பஸ் நிலையத்துக்குப் போய், அவருக்குப் பின் ஆசனத்தில் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்; மறுபடி குனிந்து எழுதினார். நரைத்த பின்னலையும் அசைகிற முழங்கையையும் பார்த்துக்கொண்டே வழியில் வரும் ரத்தோட்டை வரை போய், இறங்கித் திரும்பினேன். பிறகு புதன்கிழமை தோறும் அப்படித்தான். "ரெண்டு பேருக்கும் சண்டையா அக்கா?" என்று கொண்டக்டர் காதோடு கேட்டார். "இல்ல, எழுத்து" என்றேன்.

மாசியில், மாரியம்மன் தேருக்கு முந்திய புதன்கிழமை, முன் ஆசனம் காலியாக இருந்தது. கொண்டக்டர் பின்னாலிருந்து கதிரையைத் தூக்கி வந்தார். "முந்தாநாள் கிளம்பிட்டாங்க. உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க." பல்லேகமவில் நெல் அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது.

அறுப்பை அவருக்குப் பதிலாக நான் போய்ப் பார்த்தேன். அவர் கேட்பார் என்று தெரியும். சில வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டார். வைக்கோல் வாசனையை, அறுத்த நெல்லின் தாளுக்குள் நடந்த கொக்குகளை, ஆளில்லாமல் நின்ற யானைக் காவல் குடிலைச் சொன்னேன். அவர் பக்கம் பஸ் இரைச்சல். யாரோ ஒரு கொண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவினார், எனக்குப் பிடிபடவில்லை. "இவ்வளவும் காணும், பிள்ளை. இனி முடிச்சிடுவன்" என்றார். எப்போது வருவீர்கள் என்று நான் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

பின்னேரங்களில் சிவப்புக் கதிரையை ரோட்டைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன். என் பழைய கதிரையை அதற்குப் பின்னால் போட்டு உட்கார்கிறேன். அந்த விலைச்சீட்டு என் முகத்துக்கு நேரே இருக்கிறது. நான் பேசுவதில்லை.