ஈலிஷின் சாண்

பிரீஷா கெனேலின் கை பீல் துறைமுகம் முழுக்கப் பிரசித்தம். முப்பத்தோரு வருஷம் ஹெரிங் மீனைப் பிளந்து புகைக்கூடத்துக்கு அனுப்பிய கை அது. விரித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டே மறைந்துவிடும். "பிரீஷா கை குலுக்கினா அப்புறம் விரலை எண்ணிப் பாத்துக்கணும்டா" என்று படகுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கையை ஏப்ரனுக்குள் செருகிக்கொள்வாள். அதைக் கவனித்தவள் தங்கை ஈலிஷ் ஒருத்திதான்.

இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டிலேயே காலம் ஓடியது. எங்கள் மேன் தீவில் 'கூரை' என்கிற ஒட்டுத்துணிக் கட்டம் தைக்கத் தெரியாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பிரீஷாவுக்கும் தெரியும், ஆனால் அவள் தைப்பதில்லை. காரணம் அந்தப் பாழாய்ப்போன கைதான். கூரை வேலைக்கு அடிக்கோல், டேப் எதுவும் ஆகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடித்துணி தைப்பவளுடைய ஒரு சாண். நடுவில் வைக்கும் சிவப்புச் சதுரம் அவளுடைய நடுவிரல் நீளம். சுற்றிவரும் பட்டைகளின் அகலம் அவளுடைய கட்டைவிரல். பட்டையைத் தைத்து, பாதிக் கட்டைவிரல் அளவுக்கு மடித்து, அடுத்த பட்டையை அதன்மேல் ஏற்றினால் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கடுக்காக எழும்பி வரும். ஆகவே ஒருத்தி தொடங்கியதை இன்னொருத்தி முடிப்பதில்லை. ஒருமுறை தேவாலயத்துப் பெண்கள் ஆளுக்கொரு கட்டம் தைத்தபோது, "இதுல ஒரு கன்னுக்குட்டியவே போர்த்தலாம்" என்று சொல்லி பிரீஷாவின் கட்டத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கீழே வைத்த ஊசியை அவள் மறுபடி எடுக்கவில்லை. பிறகு ஈலிஷ் தைப்பதை அடுப்போரம் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

ஐம்பத்தெட்டாம் வருஷக் குளிரில் ஈலிஷ் நெஞ்சு நோயில் விழுந்தாள். கட்டிலில் சாய்ந்தபடியே, அக்காவின் நாற்காலிக்கு ஒரு தலையணை உறை ஆரம்பித்தாள்.

"உனக்கெதுக்குடி இப்ப இந்த வேலை? பேசாம படு."

"படுத்துப் படுத்து முதுகே பலகையாயிருச்சு. நீ மீன் கூடத்துலேர்ந்து வந்து சாஞ்சுக்க ஒண்ணு வேணாமா?"

"நான் எங்க சாயறேன்? நீ எழுந்து நடந்தா போதும்."

"நடக்கிறேன். இது முடியட்டும், அப்புறம் பாரு."

மொத்தம் நாலு கட்டம். மூன்றை முடித்தாள். நாலாவதற்கும் பட்டைகளைக் கிழித்து, மற்ற மூன்றில் இருந்த அதே வரிசையில் அடுக்கிக் குண்டூசி குத்தி வைத்தாள். அப்பாவின் நீலச் சட்டை, அம்மாவின் சாம்பல் பாவாடை, பழைய வெள்ளை விரிப்பு. மே மாதம் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடக்கத்தின்போது பிரீஷா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றினாள், பொன்னக் ரொட்டி வெட்டி வைத்தாள். எல்லோரும் போனபின் மூன்று கட்டங்களையும் மடியில் பரப்பிக்கொண்டாள். ஈலிஷின் கை என்று அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். மேலே தன் சாணை விரித்துப் பார்த்தாள். ஒரு விரல் கணு வெளியே நின்றது. தங்கையின் வேலைக்குப் பக்கத்தில் தன் முரட்டுக் கட்டம் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும், ஈலிஷின் வேலையும் கெடும் என்று நினைத்தாள்.

அதனால் யாரும் செய்யாததைச் செய்தாள். முடிந்த கட்டமொன்றைப் பழுப்புக் காகிதத்தின்மேல் வைத்து ஓரமெல்லாம் ஊசியால் குத்தி அளவெடுத்தாள். மடிப்புகளையும் அப்படியே அளந்தாள். தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். மூன்று வாரத்தில் கட்டம் அச்சு அசலாக வந்தது. அதைக் கீழே வலது மூலையில் வைத்து இணைத்து, பின்னால் வெள்ளைத் துணி கொடுத்து, பஞ்சடைத்து, நாலு பக்கமும் தைத்து மூடினாள்.

பக்கத்து வீட்டு எஸி கிரெஜீன் வந்து பார்த்துவிட்டு, "நாலும் ஈலிஷ் கையேதான். இந்த மடிப்பு வேற யாருக்கு வரும்?" என்றாள். தையலுக்காக அவள் வாழ்நாளில் பட்ட ஒரே பெருமை அது.

அந்தத் தலையணையில் அவள் முதுகைச் சாய்க்கவே இல்லை. மீன் காலம் தொடங்கியபிறகும், தினமும் சாயங்காலம் முகம் கழுவிவிட்டு வந்து, மேலே இடது மூலையில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். ஈலிஷ் முதலில் தைத்த கட்டம் அது. கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். அன்றைக்கு யார் படகில் எவ்வளவு மீன் வந்தது என்று அதனிடம் சொல்வதும் உண்டு.

ஆகஸ்டில் ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எஸி உள்ளே வந்தாள். எங்கள் பக்கம் பகலில் யார் கதவைப் பூட்டுகிறார்கள்? தலையணையில் மீன் வாடை அடித்தது. பாவம், தனிக்கட்டை, நாமாவது துவைத்துக் கொடுப்போமே என்று எடுத்துப்போய், ஓரத்தைப் பிரித்து, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி தேய்த்து, பஞ்சை அடைத்து மறுபடி மூடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிரீஷா வரட்டும் என்று காத்திருந்தாள்.

சாயங்காலம் பிரீஷா வந்து குனிந்தாள். கஞ்சி வாடை அடித்ததும் கன்னம் பாதி வழியில் நின்றது.

"எஸி! இதுல எந்தப் பக்கம் மேல இருந்துச்சு?"

"மேலயா? நாலும் ஒண்ணுதானே பொண்ணே. எப்படி வச்சா என்ன?"

"ஒண்ணு இல்ல."

"என்ன ஒண்ணு இல்ல? நான்தானே இஸ்திரி போட்டேன். ஒரு நூல் வித்தியாசம் காட்டு, பார்ப்போம்."

பிரீஷா ஜன்னலோரம் போய் மடிப்புகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே நீலம், ஒரே சாம்பல், ஒரே பொடித் தையல். ஈலிஷை எந்த மூலையில் தேடுவது? தன் கட்டம் மட்டும் முரடாக, கோணலாக இருந்திருந்தால் மற்ற மூன்றும் தங்கையென்று குருடிகூடச் சொல்லியிருப்பாள். மே மாதத்தில் வராத அழுகை அப்போது வந்தது. பெரிய உடம்பு குலுங்க அழுதாள்.

"அய்யோ, கஞ்சி ஜாஸ்தியாயிருச்சா?" என்று எஸி பதறினாள்.

பிரீஷா கையை விரித்து ஒரு கட்டத்தின்மேல் வைத்தாள். ஒரு கணு வெளியே நின்றது. அடுத்ததில் வைத்தாள். ஒரு கணு. மூன்றாவதிலும் வைத்தாள், நாலாவதிலும் வைத்தாள்.