பூட்டிய போனில் தெரிந்த ஜன்னல்

"இந்த லாக்க ஒடச்சிக் குடுக்கா" என்று கண்ணாடி மேசை மேல் போனை வைத்தார் ஒருவர். வைத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். போட்டார்.

வில்லியனூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "மெக்கானிக் இல்லியாம்மா?" என்று என்னிடமே கேட்பவர்கள் இன்னமும் உண்டு. "மெக்கானிக்தான் பேசுது, சொல்லு" என்பேன். இவர் தெரிந்தவர். மடுகரையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் சேகர். போன் அவர் மனைவி கலாவுடையது.

"அவங்க போனு. அவங்க வரட்டும். அதுவுமில்லாம லாக்க எடுத்தா உள்ள இருக்கறது மொத்தமும் பூடும்" என்றேன்.

"அப்ப இத்தப் பாரு. இது இன்னா?" என்று திரையில் மங்கலாகத் தெரிந்த கறையைக் காட்டினார்.

எமர்ஜென்சி கால் பட்டனைத் தொட்டேன். லாக் எடுக்காமலே வெற்றுத் திரை வரும். ப்ரைட்னஸை முழுக்க ஏற்றினேன். அடியில் வட்ட வட்டமாகப் பட்டன் நிழல், மேல் மூலையில் சின்னக் கட்டம். வீடியோ கால் கறை.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஓலெட் டிஸ்ப்ளேயில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிற விளக்கு. ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால், அதிகமாக எரிந்த புள்ளிகள் முதலில் மங்கும். அந்தப் படம் அப்படியே கறையாகத் தங்கிவிடும். பர்ன் என்போம். துடைத்தாலும் போகாது, ரீசெட் போட்டாலும் போகாது. டிஸ்ப்ளேயை மாற்றுவதுதான் வழி.

சேகருக்குக் கறை பெரிதில்லை. "நான் போன் பண்ணா ரெண்டு வார்த்தையில வெச்சிடறா. அப்ப யாருகூட இவ்ளோ நேரம்? கேட்டா, எங்க அம்மாவப் பாத்துக்கறேன்னு கதை வுடறா. தெறந்து காட்டுடின்னா, நம்பாதவருக்கு எதுக்குக் காட்டணுங்கறா. இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு தெரியணும். இல்லன்னா பொட்டியக் கட்டி அனுப்பிடுவேன்."

கலாவின் அம்மா சோரியாங்குப்பத்தில். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கை. மகன் வேலைக்குப் போய்விட்டால் பகலில் தனிதான். கலா போய்ப் பார்க்க முடியாது. பிள்ளையின் காதுகுத்தில் தாய்மாமன் சீர் விஷயமாக மச்சானோடு சண்டை போட்டுக்கொண்டு, 'அந்த வூட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது' என்று சட்டம் போட்டவர் இதே சேகர்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செத்த வாய மூடிக்கினு இப்படி வந்து பாரு. பேசற ஆளு சும்மா இருப்பானா? தலையாட்டுவான், சிரிப்பான், எழுந்து போவான். அசையற படம் கறை புடிக்காது. ஆனா இங்க நடுவுலயும் புடிச்சிருக்குது பாரு. அந்தப் பக்கம் போன எங்கியோ சாச்சி வெச்சிருக்காங்க. பகல் பூரா ஒரே எடம். வெளிச்சம் அடிச்ச எடமெல்லாம் கறை. இது ஜன்னல்."

கம்பிகள் மட்டும் கறைபடாமல் தெளிவாக நின்றன. மேலே கம்பியாலேயே வளைத்த பாதிச் சூரியன், அதிலிருந்து கதிர்கள். அது யார் வீட்டு ஜன்னல் என்று எனக்குத் தெரியாது.

சேகர் குனிந்து பார்த்தார். ஒரு கதிர் மேல் விரலை வைத்தார்.

"இது கோணிக்கினு இருக்குது."

"ஆமா, கோணல்தான்."

"நான்தான்க்கா வளைச்சேன். அவங்க வூடு கட்டுறப்ப. மாத்திக் குடுக்கறேன்னேன். இருக்கட்டும் மாப்ளேன்னாங்க அத்தை."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் அழுதார். ஜன்னலுக்குக் கீழே கட்டிலின் விளிம்பும் கோடாகத் தெரிந்தது. அதையும் காட்டினேன்.

"வாசப்படிய மிதிக்காதன்னேன். மிதிக்கல அவ" என்றார். "லாக்க எடுக்க வாணாம்." போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சில வாரம் கழித்து டிஸ்ப்ளே மாற்றக் கலாவே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "இப்ப அவரே வண்டியில அம்மா வூட்டுல கொண்டுபோயி வுடறாருக்கா. அம்மாவுக்கு நானே தலை வாரி வுடறேன். அவரும் அவரு மச்சானும் பேசிக்கிட்டாங்க."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாத்தியா! லாக்கத் தொடாமலே சொல்லிட்டேன். கண்ணுன்னா இது கண்ணு!"

பழைய டிஸ்ப்ளேயை ஹீட்டரில் வைத்துக் கழற்றினேன். அப்போது கலா சொன்னாள்.

"உன் கண்ணு நல்ல கண்ணுதான்க்கா. நானும் அதையேதான் சொன்னேன், மொத நாளே. கறை சொன்னா நம்பறாரு. பொண்டாட்டி சொன்னா நம்பலியே."

டிஸ்ப்ளே நெம்பும் ஸ்பட்ஜரைக் கீழே வைத்தேன்.

கறை படிக்கும் வித்தையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லித் தருகிறேன். ஆனால் கட்டினவள் போனைத் தூக்கிக்கொண்டு எவராவது வந்தால், இப்போதெல்லாம் நான் அதை வாங்கிப் பார்ப்பதே இல்லை. "வூட்டுக்குப் போ. அவ சொன்னத இன்னொரு தபா கேளு" என்று அனுப்பிவிடுகிறேன்.