ஹார்டு டிஸ்கில் இருந்த பேச்சு

புதுச்சேரியில் அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கே என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "குழந்தை பேசவே ஆரம்பிக்கலையா, இல்ல பேசி நின்னுபோச்சா?" இரண்டும் வேறு வேறு என்றார். பேசி நின்றதென்றால் எந்த மாதத்தில் நின்றது என்று தெரிய வேண்டும் என்றார். மகளுக்கு மூன்று வயது முடிய இரண்டு மாதம் இருந்தது.

"பேசினா டாக்டர். அம்மா, தா, பஸ், மூணும் சொல்லுவா. ரெண்டு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நின்னுது" என்றேன். சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் நான் சொன்னதைக் கோப்பில் எழுதினார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "பழைய வீடியோ இருந்தா திங்கக்கிழமை எடுத்துட்டு வாங்க. ஞாபகத்தவிட அது நல்லது" என்றார்.

திரும்பும் பேருந்தில் கணவரிடம், "நீங்க ஏன் எதுவும் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்கு ஞாபகம் வரல, அவ்ளோதான்."

அவர் நெய்வேலி தெர்மலில், அனல்மின் நிலையத்தில், டெக்னீஷியன். அவள் பேசத் தொடங்கிய வருடம் முழுக்க நைட் ஷிப்டும் செகண்ட் ஷிப்டுமாக மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்க வேண்டும் என்பதற்காகக் குழந்தையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவள் பேசியதை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. அது தெரிந்தும் அந்தப் பதில் என்னை உறுத்தியது. கேட்டது நான் ஒருத்திதான் என்றால், நானாக நினைத்துக்கொண்டதற்கும் நடந்ததற்கும் என்ன வித்தியாசம்?

வீடியோக்கள் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் இருந்தன. என் பழைய போன் நிறைந்துபோனபோது அவர் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, போனைக் காலி செய்து மாற்றிவிட்டார். நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். எதையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அதை லேப்டாப்பில் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. உள்ளங்கையை வைத்தால் உள்ளே சுற்றுவது தெரிந்தது. ஆனால் வழக்கமாக வரும் 'டிங்' சத்தம் வரவில்லை. திரையில் எதுவும் தோன்றவில்லை. வேறு துளையில் செருகினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். டிஸ்குகளின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். லேப்டாப்பின் சொந்த டிஸ்க் மட்டும் இருந்தது. பெயர் தெரியாத பெட்டியாகவாவது ஒரு மூலையில் வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கையில் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்றை, இல்லவே இல்லை என்றது கணினி.

கணவர் குளித்துவிட்டு வந்து, பிளான்டில் மோட்டாரைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"லைட் எரியுது. அப்ப சப்ளை வருது. ஒண்ணு கேபிள் போயிருக்கும். இல்லன்னா உள்ள போயிருக்கும்."

"உள்ள போயிருக்கும்னா?"

"உள்ள போயிருந்தா போயிருக்கும்தான். கேபிள் கேட்டு வாங்கியாறேன், பதறாத."

பதறாமல் இருக்கத்தான் இணையத்தில் தேடினேன். ஒருவர் மிக உற்சாகமாக ஃபார்மேட் செய்யச் சொன்னார், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதைக் கடைசியில் சொன்னார். இன்னொருவர் ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைக்கச் சொன்னார். சிரிப்பு வந்தது. ஆனாலும் ஐஸ் தட்டை எடுத்துவிட்டு இடம் செய்தேன், பாலித்தீன் பையும் எடுத்தேன். கடைசி நிமிடத்தில் பயந்து, ஐஸ் தட்டைத் திரும்ப வைத்தேன். மெயின் பஜாரில் ஒரு கடையில் கேட்டதற்கு, சென்னைக்கு அனுப்பினால் பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது மூன்று நாள்.

சனிக்கிழமை காலை, கணவர் நண்பரிடமிருந்து வாங்கி வந்த கேபிளைப் போட்டுப் பார்த்தோம். அதே நீல விளக்கு, அதே வெற்றுத் திரை. அவர் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இங்கே எழுதாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மகள் கட்டிலின் அருகில் உட்கார்ந்து பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, ஹார்டு டிஸ்கை முகத்துக்கு நேரே காட்டி, "நீ கீழ போட்டியா? சொல்லு, போட்டியா?" என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை குரலும் உயர்ந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு மூடிகளைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல அவளிடம் ஒரு சொல் இல்லை. அவள் பேசுவாள் என்று நிரூபிக்கத்தான் இத்தனை பாடு. பேச முடியாதவளிடம் வாக்குமூலம் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

பதினோரு மணிக்குக் கணவரின் அக்கா பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வந்தார். வாரம் இரண்டு முறை வந்து போகிறவர். நான் வடலூருக்குக் கிளம்புவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாத்துக்கு இந்த வெயில்ல அலைஞ்சிகினு?"

"வடலூர்ல ஒரு கடையில நல்லா பாப்பாங்களாம் அண்ணி. வீடியோ எடுக்கணும். அவ பேசுனது அதுலதான் இருக்கு."

"பேசுனாளா? ஏம்மா, நானுந்தான் வந்துகினு போயிகினு இருந்தேன். ஒரு நாளும் என் காதுல வுழல. நீதான் அவளுக்கும் சேத்து பேசிகினு இருப்ப." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எங்க வூட்டுக்காரரு அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கலியாம். இப்ப மூட முடியுதா? வா, நானும் வரேன். புள்ளைய நான் தூக்கிக்கிறேன்."

வடலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது அந்தக் கடை. அதை நடத்துபவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, கணினி பழுது பார்ப்பது இரண்டும் அவரே.

"கீழ வுழுந்துச்சாம்மா?"

"தெரியலீங்க. குழந்தை எடுத்திருக்கலாம்."

"டக்கு டக்குனு அடிக்குதா?"

"இல்லீங்க. சாதாரணமா சுத்துது."

"அப்ப உசுரு இருக்கு." டார்ச்சை அடித்து, கேபிள் செருகும் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். ஊசியை எடுத்து மெல்லச் சுரண்டினார். மேசையில் மஞ்சளாகத் தூள் விழுந்தது. ஒரு துணுக்கை விரலில் எடுத்து முகர்ந்தார். "நெய்வேலியா நீங்க?"

"ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"மெஷினுக்கு இம்மாம் பக்தி வேற யாருக்கு இருக்குது? சந்தனம்மா இது! பொட்டு வச்சது சரி, வாயில வேற ஊட்டி வுட்டிருக்கியே."

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். "எங்க தம்பி பொண்டாட்டி எதையும் கொறையா செய்ய மாட்டா."

"ஆயுத பூஜை முடிஞ்சா இப்பிடித்தான் வந்துகினே இருக்கும்மா. ஒருத்தரு பிரிண்டர தூக்கியாந்தாரு. காயிதம் போற வழியில எலுமிச்சம்பழம்!" என்றார் கடைக்காரம்மா. பிறகு விளக்கினார்: "கரண்டு போற கம்பி மட்டும் தொட்டுகினு இருக்கு. வெவரம் போற கம்பியெல்லாம் சந்தனத்துல பொதைஞ்சிகினு கெடக்கு. அதான் லைட்டு எரியுது, ஆளு தெரியல."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. டவுன்ஷிப்பில் ஆயுத பூஜை என்றால் ராட்சத இயந்திரம் முதல் அரிவாள்மனை வரை எதுவும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. கணவர் பிளான்டில் பூஜை முடித்து வருவதற்குள் வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஸ்கூட்டர், லேப்டாப் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து முடித்தேன். ஹார்டு டிஸ்கைக் கையில் எடுத்ததும் எந்தப் பக்கம் வைப்பது என்று குழப்பம். வாய் இருக்கிற பக்கம்தானே முகம் என்று யோசித்து, அந்த வாய்க்கு மேலே, சரியாக நடுவில் வைத்தேன். சந்தனத்தைச் சற்று நீர்க்கக் கரைத்திருந்தேன். எதையும் விட்டுவிடக் கூடாது, முறையாகச் செய்ய வேண்டும் என்கிற என் குணம்தான் அந்த வாய்க்குள் வழிந்து இறுகியிருந்தது.

அண்ணியின் இடுப்பில் மகள் உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் பிடித்துத் திருப்பிய தோளைத் தொட்டேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

கடைக்காரம்மா ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும் வைத்து அரைமணி நேரம் துடைத்து, காயவிட்டு, தன் கணினியில் செருகினார். 'டிங்' என்றது. மாதம் மாதமாகப் பெயரிட்ட ஃபோல்டர்கள் வரிசையாக வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கியது.

"மொதல்ல இன்னொரு காப்பி போட்டுக்க. அப்பறமா அழுவு" என்றார் அவர். அங்கேயே ஒரு பென் டிரைவ் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவருக்கு வார விடுமுறை. அண்ணியும் காலையிலேயே வந்துவிட்டார். கட்டிலில் லேப்டாப்பை வைத்து மூவரும் உட்கார்ந்தோம். பதினான்காவது மாத ஃபோல்டரில் முதல் வீடியோவிலேயே அது இருந்தது. குவார்ட்டர்ஸ் வாசலில் என் இடுப்பில் அவள். கம்பெனி பஸ் போகிறது. கை நீட்டி, "பச்சு" என்கிறாள். பஸ் திரும்பி மறைந்த பிறகும் ஒரு தரம், "பச்சு."

கணவர் அதைத் திரும்ப ஓட்டினார். மூன்றாவது முறை ஓட்டும்போது, "சொல்லியிருக்கா" என்றார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "நான் கேக்கலியேம்மா. தப்பா சொல்லிட்டேன்."

எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த ஃபோல்டர்களைத் திறந்தேன். பதினாறாவது மாதத்தில் மூன்று சொற்களும் இருந்தன. பதினேழில் "தா" மட்டும், அதுவும் ஒரே தரம். பதினெட்டில் எதுவும் இல்லை. அதன் பிறகு இரண்டு வயது வரை பதினொரு வீடியோக்கள். எல்லாவற்றிலும் பஸ் போகிறது, அவள் வேறு எங்கோ பார்க்கிறாள். போனுக்குப் பின்னாலிருந்து என் குரல், "பஸ் சொல்லு செல்லம், பஸ்" என்கிறது. சற்றுப் பொறுத்து, மழலைக் குரலில், "பச்சு!" நானேதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு நானே சிரிக்கிறேன்.

காய்ச்சல் வரும்வரை அவள் பேசிக்கொண்டிருந்ததாக நான் சத்தியம் செய்திருப்பேன். என் காதில் இருந்த அந்தக் கடைசி ஆறு மாதக் குரல் என்னுடையது.

"இதாம்மா நான் பாத்தது" என்றார் அண்ணி மெதுவாக. இந்த முறை அவர் சிரிக்கவில்லை. எழுந்து குழந்தைக்குச் சாதம் பிசையப் போய்விட்டார்.

கணவர் லேப்டாப்பை மூடினார். "பேசினாங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. அது போதும். காய்ச்சலுக்கு அப்புறம்னு சொன்னது அப்படியே இருக்கட்டும்."

"மாசம் கேட்டாங்களே."

"ஆறு மாசம் என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு திருப்பிக் கேட்டா?"

மத்தியானம் அவர் படுத்த பிறகு, பென் டிரைவைச் செருகி அந்தப் பதினொன்றையும் தேர்ந்தெடுத்தேன். நீலமாக நின்றன. ஒரு விசைதான். அவை இல்லாவிட்டால் நான் சொன்ன கதை அப்படியே நிற்கும். காய்ச்சல் வந்தது, பேச்சு போனது, யார் மேலும் குற்றமில்லை. அண்ணி கூப்பிடும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழிக்கவில்லை. அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். அழித்துவிட்டால் மருத்துவர் தவறான மாதத்தை வைத்து என் மகளுக்கு வைத்தியம் பார்ப்பாரே என்ற பயம், மற்ற பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

பதினொன்றையும் மருத்துவரிடம் காட்டப் போகிறேன் என்று மாலையில் கணவரிடம் சொன்னேன். அவர், "என்னையும் சேத்துச் சொல்லு. நானும் இதே வீட்லதான் இருந்தேன்" என்றார்.

திங்கட்கிழமை மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்தார். "பச்சு" வந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தார். அந்தப் பதினொன்றையும் அதே கவனத்தோடு பார்த்தார். ஒன்றில் நிறுத்தினார்.

"இந்தக் குரல் யாரு?"

"நான்தான் டாக்டர். அவள மாதிரி சொல்லுவேன். அவ நிறுத்தினத நான் கவனிக்கல. நாங்க கவனிக்கல."

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வாரத்தில் மூன்று நாள் பயிற்சிக்கு வர வேண்டும் என்றார். சீக்கிரமே தொடங்க வேண்டும் என்றார். கோப்பை எடுத்து, போன வாரம் எழுதிய வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் பதினெட்டாவது மாதம் என்று எழுதினார். அடித்த வரியில் நான் சொன்ன காய்ச்சல் இன்னும் படிக்கும்படியாகத்தான் இருந்தது.