நான் வெட்டிய விடை

இந்த ஊரில் கணக்குப் பரீட்சையைப் பென்சிலில் எழுதுகிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பென்சிலும் கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பரும் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொள்கிறார்கள். பரீட்சை தொடங்கிய பத்தாவது நிமிடத்திலிருந்து அறை முழுக்க ரப்பர் தேய்க்கும் சத்தம்தான். தப்பாகப் போட்டதைச் சுவடே இல்லாமல் துடைத்து, துகளை ஊதித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் மறுபடி எழுதுகிறார்கள். அயோவா மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில், கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில், முப்பத்தைந்து வயதில் நான் முதல் பரீட்சை எழுத உட்கார்ந்தபோது என் மேசையில் இருந்தவை ஒரு நீல மைப் பேனாவும் ஓர் அடிஸ்கேலும். திருச்செங்கோட்டில் நாங்கள் படித்த பள்ளியில் பென்சில் என்பது படம் வரைய மட்டும். விடையைப் பேனாவில்தான் எழுத வேண்டும். தப்பென்றால் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக வெட்ட வேண்டும். பக்கத்து இருக்கைப் பெண் என் பேனாவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையா?" என்று கேட்டாள். பேனாவுக்கும் நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. சிரித்து வைத்தேன்.

அந்தப் பாடத்தின் பெயர் கால்குலஸ் ஃபார் லைஃப் சயின்சஸ். உயிரியல் படிப்பவர்களுக்கென்றே உள்ள நுண்கணிதம். நான் சேலத்தில் விலங்கியல் பட்டம் வாங்கி, அதற்குமேல் லேப் பயிற்சியும் முடித்து, அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். கல்யாணமாகி இங்கே வந்தபின் வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் ஏழு வருடம் ஓடிவிட்டது. இந்தக் கட்டுரையைப் படிக்கிற பெண்கள் சிலருக்கு அந்த ஏழு வருடம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சர்டிபிகேட்டை எந்தப் பெட்டியின் எந்த அறையில் வைத்திருக்கிறோம் என்பது மட்டும் நமக்கு எப்போதும் ஞாபகம் இருக்கும். அனுமதி வந்த பிறகு விசாரித்தபோது, ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குப் போக இங்கே மறுபடி படிக்க வேண்டும் என்றார்கள். பழைய பட்டத்தில் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றே ஒன்றுதான் குறை. கணக்கு இல்லை. கால்குலஸில் குறைந்தது 'சி' வாங்கினால்தான் லேப் படிப்பில் இடம்.

எனக்குக் கணக்கு இல்லாமல் போனதற்கு ஒரு கதை உண்டு. பத்தாம் வகுப்பு மாதிரித் தேர்வில் ஒரு கூட்டுத்தொடரின் கூடுதலைக் கேட்டிருந்தார்கள். அதற்கான சூத்திரம் எனக்கு மறந்துவிட்டது. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் சேர்த்தால் வருவதும், இரண்டாவதையும் கடைசிக்கு முந்தையதையும் சேர்த்தால் வருவதும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தேன். அதை வைத்து இரண்டே வரியில் விடை எழுதிவிட்டேன். விடைத்தாள் கொடுத்த அன்று கணக்கு ஆசிரியர் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"யாரப் பாத்து எழுதுன?"

"நானே போட்டேன் சார்."

"நீயே போட்டியா? அப்ப ஸ்டெப் எங்க? யாரப் பாத்து எழுதுனன்னு சொல்ற வரைக்கும் நில்லு."

சொல்ல யாரும் இல்லாததால் அந்தப் பீரியடு முழுக்க நின்றேன். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லராக மத்தியப் பிரதேசம் பக்கம் போயிருந்தார். வருடத்தில் எட்டு மாதம் அவர் வெளி மாநிலத்தில்தான். அம்மா மறுநாள் பள்ளிக்கு வந்து, "விடுங்க சார், இனிமே அப்படிப் பண்ண மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் காப்பியடித்தேன் என்று அம்மாவும் நம்பிவிட்டாரே என்பதுதான் ஆசிரியர் நிறுத்தியதைவிட வலித்தது. பதினொன்றாம் வகுப்பில் கணக்கே இல்லாத குரூப்பை நானே கேட்டு வாங்கினேன். கணக்கிலிருந்து தப்பித்ததாக அப்போது நிம்மதியாக இருந்தது.

இருபது வருடம் கழித்து அது அயோவாவில் வந்து வழி மறித்தது. முதல் பரீட்சையில் நூற்றுக்கு நாற்பத்தொன்று. தாளின் மேல் மூலையில் பச்சை மையில் இரண்டே சொற்கள்: சீ மீ. வந்து என்னைப் பாருங்கள். எழுதியவர் லிண்டா, எங்கள் பேராசிரியை. அந்த அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார்கள். எனக்கு வாய் வராமல், கூப்பிட வேண்டிய இடத்தில் எல்லாம் "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.  நாற்பத்தொன்று வாங்கியவளை எதற்குக் கூப்பிடுவார்கள்? தாளை மடித்துப் பையின் அடியில் வைத்தேன். ஒரு வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. வகுப்பில் கடைசி வரிசைக்கு மாறி, நேரம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறினேன். பாடத்திலிருந்து விலகிக்கொள்ள வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கான படிவத்தை நிரப்பி, கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

என் கணவர் செந்தில் குமாரபாளையத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். படிவத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் அதை என் பக்கமே நகர்த்தினார்.

"உடறதுன்னா உட்ரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தம்மா எதுக்குக் கூப்டாங்கன்னு கேட்டுட்டு வந்து உடு."

"எதுக்குக் கூப்பிடுவாங்க? திட்டத்தான்."

"இந்த ஊர்ல திட்டறதுக்கு யாரு கூப்டறாங்க? மெயில்லயே திட்டிருவாங்க."

வியாழக்கிழமை போனேன். லிண்டாவின் அறை சிறியது. சன்னல் ஓரம் தக்காளி நாற்று வைத்திருந்தார். அவர் வாயைத் திறக்குமுன், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியத்தை நான் சொல்லிவிட்டேன்: "நான் யாரையும் பார்த்து எழுதவில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரைப் பார்த்து?" என்று கேட்டார்.

திருச்செங்கோட்டில் கேட்ட அதே கேள்வி. ஆனால் இவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நான் சொன்னதன் பொருள் பிடிபட்டதும் தலையை ஆட்டி, "இல்லை இல்லை, இதைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன்" என்று என் தாளை வாங்கி விரித்தார். ஆறாவது கேள்வி. ஒரு தட்டில் பாக்டீரியா வளர்கிறது. அதில் இவ்வளவுக்குத்தான் இடம் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் அது மிக வேகமாகப் பெருகும்? நான் முதலில், தட்டு பாதி நிரம்பியிருக்கும்போது என்று எழுதி, கீழே கணக்கும் போட்டிருந்தேன். பிறகு ஸ்கேல் வைத்து அதை வெட்டிவிட்டு, தட்டு நிரம்பும்போது என்று மாற்றியிருந்தேன்.

"இதை ஏன் வெட்டினீர்கள்?"

அசிங்கமாக எழுதியதைக் கண்டிக்கிறார் என்று நினைத்தேன். "மன்னியுங்கள். இனிமேல் சுத்தமாக எழுதுகிறேன்" என்றேன்.

"சுத்தத்தைக் கேட்கவில்லை. நீங்கள் வெட்டியதுதான் சரியான விடை."

அவர் பக்கங்களைப் புரட்டினார். மூன்றாவது கேள்வியிலும் அப்படியே. ஒன்பதாவதிலும் அப்படியே. முதலில் சரியாகப் போட்டு, பிறகு வெட்டி, தப்பாக எழுதியிருக்கிறேன். மற்ற பிள்ளைகள் ரப்பர் வைத்து அழித்துவிடுவதால் அவர்கள் முதலில் என்ன நினைத்தார்கள் என்பது அவருக்குத் தெரிவதில்லையாம். நான் பேனாவில் எழுதியதால் எல்லாம் அப்படியே கிடந்தது. "பாதி என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் பாடத்தை அப்போது நான் பாதிதான் நடத்தியிருந்தேன்" என்றார்.

அஸ்தம்பட்டி லேபைப் பற்றிச் சொன்னேன். புண்ணிலிருந்து எடுத்த சீழைத் தட்டில் தடவி வைத்தால் சில மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் பார்க்கப் பார்க்கப் பொங்கும். தட்டு நிறைய நிறைய, இடமும் தீனியும் குறைந்து, தானாக அடங்கிவிடும். "அப்படியென்றால் நடுவில்தான் வேகம் அதிகம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு, எனக்குத் தோன்றுவது சரியாக இருக்காது என்றும் தோன்றியது."

லிண்டா தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வெட்டியதற்கு மதிப்பெண் தர முடியாது. நாற்பத்தொன்று நாற்பத்தொன்றுதான்" என்றார். "ஆனால் கணக்கு வராத ஒருவரின் தாள் இது இல்லை. நீங்கள் விலகுவதாக இருந்தால் அதைத் தெரிந்துகொண்டு விலகுங்கள்." பத்தாம் வகுப்பில் நான் எதிர்பார்த்து நின்ற வாக்கியம், இன்னொரு நாட்டில், இன்னொரு மொழியில் வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். மதிப்பெண் தராததற்கு அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "அடுத்த பரீட்சை இருக்கிறது, இருக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. வீட்டுக்கு வந்து படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் நம்பிக்கை வந்துவிட்டால் மட்டும் கணக்கு வந்துவிடாது. பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் படித்ததை நான் படிக்கவேயில்லை. அதற்கு எனக்குக் கிடைத்தவள் ஜெசிந்தா. சேலத்தில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. கணிதம் படித்து, இப்போது அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறாள். இங்கே காலை ஆறரை என்றால் அங்கே மாலை ஐந்து. பள்ளி விட்டு வந்து காபி டம்ளரோடு வீடியோவில் உட்காருவாள். ஏற்காடு சாலையின் ஹாரன் சத்தம் என் சமையலறை வரைக்கும் கேட்கும்.

"ஏன்டி கோகிலா, மூஞ்ச ஏன் இப்படி வச்சிருக்க? வகையீடுதானே, பேய் பிசாசா?"

"ஒரு நொடியில என்ன வேகம்னு எப்படிடி சொல்றது? நொடிங்கறதே நிக்க மாட்டேங்குது."

"உங்கப்பா ரிக்குல இருந்தவர்தானே? மணிக்கு எத்தன அடி எறக்குவாருன்னு அவர கேட்டுட்டு வா. அப்புறம் பேசலாம்."

அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டேன். இப்போது அவர் ஊரோடு இருக்கிறார். "ஏனுங்கப்பா, ரிக்குல மணிக்கு எத்தன அடி ஓட்டுவீங்க?"

"அதெப்புடி சாமி ஒரே கணக்காச் சொல்றது? மேல மண்ணுல சரசரன்னு எறங்கும். பாறை தட்டுச்சுன்னா நின்னு நின்னு போகும். அந்த நேரத்துக்கு அந்த வேகந்தான். ஏஞ்சாமி, அங்க ஊட்டுக்கு போர் போடறீங்களா? தண்ணி இல்லையா?"

தண்ணீர் எல்லாம் நிறைய இருக்கிறது, இது என் பாடத்துக்கு என்று சொன்னேன். அவருக்கு அது நம்பும்படியாக இல்லை. மாப்பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, தண்ணீர் வருகிறதா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஜெசிந்தாவிடம் அப்பா சொன்னதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "அந்த நேரத்துக்கு அந்த வேகம். இத விட ஒழுங்கா எங்க புத்தகத்துலயே இல்ல. எழுதிக்கோ" என்றாள்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. மழை நாளில் அவளுக்குக் கரண்ட் போனால் பாடம் பாதியில் நிற்கும். பள்ளித் தேர்வுத் தாள் திருத்தும் வாரத்தில்கூட வராமல் இருந்ததில்லை. ஒருநாள் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய்ப் படுடி என்றேன். "வாய மூடிக்கிட்டு நாலாவது கணக்கப் போடு" என்றாள். இங்கே லிண்டா வாரம் ஒருமுறை தன் அறையில் இடம் கொடுத்தார். நான் எதையாவது வெட்டப் போனால் மேசையைத் தட்டுவார். தப்பு என்று காட்ட முடிந்தால் மட்டும் வெட்டுங்கள் என்பார். இரண்டாம் பரீட்சையில் அறுபத்தெட்டு வந்தது. வீட்டுப்பாடங்களும் கடைசிப் பரீட்சையும் தூக்கிவிட, முழுப் பாடத்துக்கும் சேர்த்து 'பி' கிடைத்தது. இப்போது ஆஸ்பத்திரி லேபில் பயிற்சியில் இருக்கிறேன். போன வாரம் அம்மாவிடம் போனில் பத்தாம் வகுப்பின் அந்தப் பழைய கணக்கைப் பற்றிப் பேச்செடுத்தேன். "அத நீயேதான் போட்டியா சாமி?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்குத் தெரியாமப் போச்சு" என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அது போதும். யார்மேலும் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. எண்ணிப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் மிஞ்சுகிறார்கள். அதில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே.

கடைசிப் பரீட்சை நடந்தது ஒரு பெரிய கூடத்தில். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் நரைத்த மீசைக்காரர், முன்பின் பார்த்ததில்லை. கால்குலேட்டருக்கு அனுமதியில்லாத பகுதியில் ஒரு நீளமான பெருக்கல் வந்தது. என்னையறியாமல் மூன்றாம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்திய ராகத்தில், உதட்டுக்குள்ளேயே ஓடியது: ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்து நாலு. நிமிர்ந்தால் அவர் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். தலையை லேசாகத் தாழ்த்தி, நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு நகர்ந்தார். தாளைக் கொடுக்கப் போனபோது, "நிச்சயம் பலிக்கும்" என்றார்.

"என்ன?"

"உங்கள் பிரார்த்தனை. எந்த மொழி அது?"

வாய்ப்பாடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "தமிழ்" என்றேன்.

அவர் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் தாளை இரண்டு கையாலும் வாங்கி, பெயரும் எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதில் ஓரெழுத்துகூடத் தமிழில் இல்லை.