அழிந்த நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

மண்டலே நிலநடுக்கத்தின் ஐந்தாம் நாள். மண்டலேக்கு வெகுதூரம் தெற்கே, கியாக்டடா என்ற நகர்ப்பகுதியில், ஒரு நிவாரணச் சங்கத்தின் மூன்றாம் மாடி அலுவலகத்தில் ஜஸீலா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். காணாமல்போனவர்களின் பட்டியல் சங்கத்தின் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருந்தது. ஐந்து ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்களின் பெயர்களைத் தேவராஜ் என்ற தொண்டர் மண்டலேயிலிருந்து போனில் வாசிக்க, அவள் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றி முடித்ததும் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

தரவுத்தளத்தில் நிலையாக எதையும் எழுத அவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி தரவேண்டிய மேலாளர் எங்கோ பாதையில் மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் தற்காலிக அட்டவணை ஒன்றை உருவாக்கி அதில் நிரப்பினாள். இணைப்பு அறுந்தால் அது தானே அழிந்துவிடும் என்று தெரியும். யுபிஎஸ் பேட்டரி தாங்கும் என்று நினைத்துவிட்டாள்.

நூற்றுப் பன்னிரண்டாவது வரி: ரேவதி, வயது முப்பத்தொன்று, நினைவில்லை, பெயர் அடையாள அட்டையில் பார்த்தது.

ஜஸீலா எழுந்து வெளியே ஓடினாள். ஆற்றுக்கு அப்பாலுள்ள தன்லியினிலிருந்து தினமும் வந்து, மகளைப் பற்றிச் செய்தி கிடைக்குமா என்று பெஞ்சில் உட்காரும் அய்யாசாமியின் மகள் அது.

“ஐயா, உங்க மக பேரு வந்திருக்கு. உசிரோட இருக்காங்க.”

“எந்த ஆஸ்பத்திரி, சயாமா?” பெண்களை மரியாதையாக அழைக்கும் பர்மியச் சொல்லால் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“உள்ள போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அவள் நாற்காலியை எட்டுவதற்குள் கரண்டு போனது. யுபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு அடங்கியது.

மூன்று மணி நேரம் கழித்துக் கரண்டு வந்தபோது, அப்படி ஓர் அட்டவணையே இல்லை என்றது திரை. எந்த ஆஸ்பத்திரி? கண்ணை மூடி யோசித்தாள். விரல்கள் தட்டச்சு செய்தனவே தவிர மனம் எதையும் வாங்கியிருக்கவில்லை. தேவராஜின் போன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு லைனே கிடைக்கவில்லை.

“நாந்தான் தொலைச்சிட்டேன், ஐயா. காகிதத்துல எழுதியிருக்கணும்.”

அய்யாசாமி அவளைத் திட்டவில்லை. “அஞ்சுதானே, தேடிக்கிறேன்” என்று அன்றைக்கே பஸ் ஏறினார்.

பாலங்கள் உடைந்து பயணமே இரண்டு நாள் ஆனது. முதல் மூன்று ஆஸ்பத்திரிகளில் தேடியதில் இன்னொரு நாள் போனது. நான்காவதாகப் போன ஆஸ்பத்திரியில் ரேவதியின் பெயர் இருந்தது. அன்று விடியற்காலையில்தான் இறந்திருந்தாள். உடல்களை வைக்க இடமில்லாமல் மற்றவர்களோடு எரித்துவிட்டிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, மகளின் பெயரைக் காணாமல்போனவர்களின் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல அவர் வந்தார்.

“நேரா அங்கயே போயிருந்தா மூஞ்சியாவது பாத்திருப்பேன், சயாமா” என்றார், குரலில் கோபமே இல்லாமல்.

அவர் படியிறங்கிப் போன பிறகும் வெகுநேரம் ஜஸீலா விசைப்பலகையைத் தொடவில்லை.