லெந்து முடியட்டும்

என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. எந்தெந்த நாட்டு மாலுமிகளுக்கோ கரையில் இறங்கப் பாஸ் வாங்கிக் கொடுப்பதும், நேரத்தோடு அவர்களைத் திரும்பக் கப்பலில் ஏற்றுவதும்தான் தொழில். ஒரு கிரேக்கன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடுவார். சொந்த வீட்டு அடுப்படியில் ஒருத்தி விசா தீர்ந்துபோய் மாதக்கணக்காக மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தது மட்டும் அந்த மனிதர் கண்ணில் படவே இல்லை. அந்த ஒருத்தி நான்தான்.

நான் கொழும்பில் பிறந்தவள். அப்பா தூத்துக்குடிக்காரர். இளவயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், பிறகு சொந்தமாகக் கடை வைத்து, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டாள். எழுபதுகளின் நடுவில், அப்பாவின் அக்காள், அதாவது என் அத்தை, தன் மகள் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டாள். அப்பாவுக்குக் கடையை விட்டு வர முடியாது. நான் மட்டும் மூன்று மாத விசாவில் தலைமன்னாரில் கப்பலேறினேன். ஏற்றிவிட வந்த அப்பா, "போன சுருக்குல திரும்பிரணும், கேட்டியாளா? ஒங்க அத்த பேச்சுல மயங்கிராத" என்றார்.

அத்தை பேச்சில் மயங்காமல் இருக்க அவருக்கே தெரியாது, எனக்கு எங்கே தெரியப் போகிறது! மகள் கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்குள் மகனுக்கு என்னைப் பேசிவிட்டாள். எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. நான் எதிரே வந்தால் பேப்பரை விரித்துக்கொள்வார். பேப்பருக்கு மேலே தெரியும் காது இரண்டும் சிவந்திருக்கும். அப்பாவிடமிருந்து சம்மதம் என்று தந்தியும் வந்துவிட்டது.

தேதி குறிக்க அத்தை ஐயரிடம் போனாள். எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அங்கேதான் இடித்தது. லெந்து காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் கோயிலில் கல்யாணம் நடக்காது. என் விசா முடியும் தேதியோ அந்த நாற்பதுக்குள்ளே போய் உட்கார்ந்திருந்தது.

"அத்தே, எனக்கு விசா முடியுதே" என்றேன்.

"லெந்து முடியட்டும்ளா. தாலி ஏறிட்டா நீ இந்த வீட்டுக்காரி. பொறவு எவன் வந்து ஒங்கிட்ட விசா கேக்கப் போறான்?"

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஊரில் யாருக்கும் கொழும்பு வெளிநாடு இல்லை. மெட்ராஸ்தான் தூரதேசம். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு தோணிகள் கொழும்புக்குப் போவதும் வருவதுமாக இருக்கும். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் ஒருவர் அங்கே கடையில் இருப்பார். தம்பி மகளை மகனுக்கு எடுத்ததில் சர்க்காருக்கு என்ன வேலை என்று அத்தை நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். ஈஸ்டர் முடிந்து கல்யாணம் நடந்தது. அந்த நாட்டை விட்டு வெளியேற அங்கே சர்க்கார் அனுமதி கிடைக்காமல் அப்பா வரவில்லை. நான் அழுதேன், புகைப்படத்தில் மூக்கு வீங்கித் தெரியும்.

குட்டு உடைந்தது ரேஷன் கார்டில். சர்க்கரைக்காக என் பெயரையும் சேர்க்கப் போனார் வீட்டுக்காரர். பழைய கார்டு எந்த ஊர் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கொழும்பு என்றிருக்கிறார். பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்று அடுத்தடுத்து கேள்வி வர, மனிதர் வெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். ஏறி மிதிக்கக்கூடத் தோன்றவில்லையாம். அப்போது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம்.

பாளையங்கோட்டை போலீஸ் ஆபீசில் வெளிநாட்டார் விவகாரம் பார்க்கும் இடத்துக்குப் போனோம். அத்தையைக் கூப்பிடவில்லை, அவளே பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்ப் புதுக்கோட்டை தாண்டும்வரை ஜெபம், அதற்குப் பிறகு மகனுக்குத் திட்டு. எங்களை விசாரித்த அதிகாரி விளாத்திகுளம் பக்கத்துக்காரர்.

"விசா முடிஞ்சும் ஏம்மா ஊருக்குப் போகல?" என்று என்னைக் கேட்டார்.

"லெந்து காலம்லா ஐயா" என்றாள் அத்தை.

"அது என்ன, காய்ச்சலா?"

அத்தை அவருக்கு லெந்தை விளக்கினாள். இயேசு வனாந்தரத்தில் உபவாசம் இருந்ததிலிருந்து தொடங்கினாள். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா. லெந்து சித்திரையிலயே முடிஞ்சிருக்குமே. இப்ப ஐப்பசி நடக்கு."

அத்தை வாயடைத்து நின்றதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். வேறு நேரமாக இருந்தால் ரசித்திருப்பேன்.

அதிகாரி என் வயிற்றைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "மூணு வழி இருக்கு. ஒண்ணு, இப்பவே கொழும்புக்குப் போயி, அங்க இருந்து புது விசா கேக்கணும். தேதி தாண்டி இருந்தவங்களுக்கு அது எப்பக் கெடைக்கும், கெடைக்குமாங்கறத நான் சொல்ல முடியாது. ரெண்டாவது, கல்யாண சர்டிபிகேட்ட வச்சு, தெரியாமப் பண்ணிட்டோம், இங்கயே தங்க அனுமதி தாங்கன்னு மனுப் போடணும். அது தேறுச்சுன்னா மூணாவது வழி தெறக்கும். இந்தியக் குடிமகனோட மனைவின்னு பதிவு பண்ணி இந்த நாட்டுக் குடியுரிமையே கேக்கலாம்."

"மொத வழின்னா, கப்பல் டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு பண்ணிருவேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர். பயத்தில் தொழில் புத்தி முந்திக்கொண்டது. நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். இன்றுவரை நான் அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொண்டாட்டியா இருக்கறதால இந்த மூணாவது வழி. நீங்க அந்த நாட்டுக்காரரா இருந்து, இந்தம்மா நம்ம நாடா இருந்திருந்தா சட்டத்துல இந்தக் கதவு கெடையாது" என்றார்.

"நல்லவேளை, இவன நான் இங்கன வச்சுப் பெத்தேன்" என்றாள் அத்தை. அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

மனுப் போட்டோம். அதற்குப் பிறகு எனக்கு உண்மையிலேயே பயம். வாசலில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். பிள்ளையைச் சுமந்தபடி என்னை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டால், இவர் எந்தக் காலத்தில் அதன் முகத்தைப் பார்ப்பார்? வீட்டுக்காரரும் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோவார். அத்தை மட்டும் ஒரு காரியம் செய்தாள். லெந்து இல்லாத காலத்திலேயே கறி மீனை விட்டுவிட்டு உபவாசம் இருந்தாள். காரணம் கேட்டால், "பசியில்ல" என்பாள்.

பிள்ளை பிறப்பதற்கு முன்பே, தங்கலாம் என்று உத்தரவு வந்தது. அன்று அத்தை ஆட்டுக்கறி எடுத்தாள். அடுத்த வருஷம், மகனை அவள் இடுப்பில் கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உறுதிமொழி எடுக்கப் போனேன். இலங்கைக் குடியுரிமையைத் துறக்கிறேன் என்று வாசிக்கிற இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன். பின்னால் நின்ற அத்தை, "வாசிளா. நாட்டத்தான துறக்கச் சொல்லுதாவ, அப்பனத் துறக்கச் சொல்லலையே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாசித்து முடித்தேன்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் கொழும்புக்குப் போக முடிந்தது, ஒரு மாத விசாவில். பிறந்த வீட்டுக்குப் போவதற்கு, என்ன காரணத்துக்காக வருகிறீர்கள் என்று விசா மனுவில் கேட்டார்கள். அப்பாவைப் பார்க்க என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா மெலிந்திருந்தார், வாய் மட்டும் அப்படியே இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இந்தியாவுல இருந்து ஒரு வெளிநாட்டு அம்மா வந்திருக்காவ, மரியாதையாப் பேசுங்க" என்று என்னைக் காட்டுவார். காலையில் காப்பி கொடுத்தால், "இதுக்கு விசா உண்டா?" என்பார். பேரன் அவர் தோளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு மாதம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கிளம்புகிற சாயங்காலம் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில், தலைமன்னார் ரயில் நின்றுகொண்டிருந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டேன். அப்பா பேரனை வைத்துக்கொண்டு கீழேயே நின்றார்.

"ஏளா, இப்ப லெந்துதான?"

லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "ஆமாப்பா" என்றேன்.

"லெந்து முடியட்டும்னு சொல்லிப் பாப்பமா?"

மாதம் முழுக்கக் கேலி செய்த மனிதராயிற்றே என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிள்ளைக்காக நான் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விசாவுல தேதி இருக்குப்பா" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லி, பையனின் சட்டைப் பொத்தானை ஒருமுறை போட்டுவிட்டு, அவனை என்னிடம் கொடுத்தார்.