இலை கேட்ட ‘சாப்டியா’

ஆய்வுக்கூடத்தில், புகையிலைச் செடியின் பசுங்கணிகத்துக்குள் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை வைத்தேன். மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. உருவானது, புரதம்தான் வரவில்லை. புறஊதா விளக்கின் கீழ் பச்சையாக மின்ன வேண்டிய இலை, பச்சையம் காட்டும் வழக்கமான சிவப்பாகவே கிடந்தது.

கூட ஆய்வு செய்யும் வில்லியனூர் ஷமீம் என் வரைபடத்தைப் பார்த்தாள்.

“மரபணுவுக்கு முன்னாடி வர்ற துண்டு எங்கடி?”

“அது புரதமா மாறாதே. வேஸ்ட்டுன்னு வெட்டிட்டேன்.”

“உங்க பாகூர்ல போன் போட்டா மொதல்ல இன்னா கேப்பீங்க?”

“சாப்டியான்னு.”

“அதுல இன்னாடி சேதி இருக்குது? ஆனா அதக் கேக்காம பேச்சு ஆரம்பிக்குமா?”

சுரீரென்றது. புரதம் கட்டும் ரைபோசோமைக் கூப்பிட்டு உட்கார வைப்பதே அந்தத் துண்டுதான்! அதைச் சேர்த்து மறுபடி செடி வளர்த்தேன். மாதங்கள் கழித்து விளக்கடியில் இலை பச்சையாக மின்னியது. ஓர் இலைக்குள் இத்தனை மரியாதையா என்று மலைத்து நின்றேன். ஷமீமுக்குப் போன் போட்டேன்.

“சாப்டியாடி?”

“மின்னுதா?” என்றாள்.